மாமியாரின் தாத்தா பிறந்த வீட்டைத் தேடி அக்கில் தீவுக்கு

என் மாமியார் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்துக்காரர். அவருடைய அப்பாவழித் தாத்தா அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ கவுண்டியைச் சேர்ந்த அக்கில் தீவிலிருந்து 1909-ல் கப்பலேறி வந்தவர். அந்தத் தீவுக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளீவ்லாந்துக்குத்தான் போனார்கள். தாத்தா பிறந்த மண்ணை ஒரு தடவை மிதித்துவிட வேண்டும் என்பது மாமியாரின் வெகுநாள் ஆசை. போன கோடையில் நானும் அவரும் மட்டும் கிளம்பிப் போனோம்.

போவதற்கு முன்பே நிறையத் தேட வேண்டியிருந்தது. 1922 ஜூனில் டப்ளினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஆவணக் காப்பகம் எரிந்துபோனது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி அதில் சாம்பல். அடுத்த நான்கு கணக்கெடுப்புகளின் தாள்களை அரசாங்கமே அழித்திருந்தது. முழுசாகத் தப்பியவை 1901, 1911 இரண்டும்தான். தேசிய ஆவணக் காப்பகம் இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது.

1901 தாளில் தாத்தா பதினொரு வயதுப் பையன். 1911-ல் அவர் பெயர் இல்லை, அதற்குள் அமெரிக்கா போய்விட்டார். அந்தத் தாளைத்தான் மாமியார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்று அந்த வருடம் கேட்டிருந்தார்கள். தாத்தாவின் அம்மாவுக்கு நேரே பிறந்தது பன்னிரண்டு, இருப்பது ஒன்பது. வீட்டுத் தலைவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. கணக்கெடுக்க வந்த போலீஸ்காரர் பக்கத்தில் பெயரை எழுதியிருக்கிறார். மூன்று பிள்ளைகள் போனதை வீட்டில் யாருமே சொன்னதில்லை என்றார் மாமியார்.

வேர் தேடிப் போகிறவர்கள் கவுண்டி பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அலைச்சல்தான் மிஞ்சும். அங்கே நிலத்தை டவுன்லாண்ட் என்று சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல். அந்தப் பெயர் கிடைத்தால்தான் வீடு கிடைக்கும். கணக்கெடுப்புத் தாளில் அது இருக்கும். 1847-க்கும் 1864-க்கும் நடுவில் வரி போடுவதற்காக எடுத்த கிரிஃபித் மதிப்பீட்டில் யார் எந்த நிலத்தில் குடியிருந்தார் என்பது வரைபட எண்ணோடு இருக்கிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டுதான் போனோம்.

டூவா என்ற ஊரில் ஒரு கடையில் நுழைந்து விசாரித்தோம். மாமியார் குடும்பப் பெயரைச் சொன்னதும் கடைக்கார அம்மா சிரித்துவிட்டார். "அந்தப் பேரில் இங்கே பாதி ஊர் இருக்கும்மா. அவர் அப்பா பேர் என்ன? அப்பாவோட அப்பா பேர்?" குடும்பப் பெயர்கள் அவ்வளவு குறைவாக இருப்பதால், ஒருவரை அடையாளம் சொல்ல அப்பன் பேர், பாட்டன் பேர் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறார்கள், நம் இனிஷியல் மாதிரி. மாமியார் மூன்று பேரையும் வரிசையாகச் சொன்னார். கடைக்கார அம்மா உடனே யாருக்கோ போன் போட்டார்.

வந்தவர் எண்பதைத் தாண்டிய பெரியவர், ஆடு வளர்ப்பவர். மாமியாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவன் ஓஹையோ போனான், சின்னவன் இங்கேயே இருந்தான், அவனுக்குப் பிள்ளை இல்லை" என்றார். கணக்கெடுப்புத் தாளில் பார்த்த அதே வரிசை! அவருடைய ஆடுகள் மேய்வதே அந்த நிலத்தில்தான். கூட்டிப்போய்க் காட்டினார். கூரை இல்லை. நாலு கல் சுவரும், கணப்பு இருந்த இடத்தில் கெண்டி தொங்கவிடும் துருப்பிடித்த இரும்புக் கொக்கியும் அப்படியே இருந்தன. மாமியார் அந்தக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

மறுநாள் அவரே கில்டவுனட் இடுகாட்டுக்கும் அழைத்துப் போனார். 1894-ல் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு அறுவடை வேலைக்குப் புறப்பட்ட தீவு இளைஞர்கள் கப்பலேறப் போகும்போது படகு கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அவர்களைப் புதைத்த இடம் அது. 1937-ல் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்து இறந்த பத்துப் பையன்களும் அங்கேதான் இருக்கிறார்கள். வறுமை இவர்களை எங்கெல்லாம் துரத்தியது என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அப்புறம் ஒரு தகவல், யாருக்காவது உதவும். தாத்தா பாட்டிகளில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக் குடியுரிமை கேட்கலாம். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை மாமியார் வாங்கிவிட்டார், விண்ணப்பமும் போட்டாயிற்று. இன்னும் பதில் வரவில்லை. பெரியவர் கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார், இந்தத் தடவை என் கணவரும் வருகிறார்.