புதுப்பிப்பு: மார்கழிக்குள் பத்து ராகம்

சென்னையின் மார்கழி கர்நாடக இசை சீசன் முடிவதற்குள் பத்து ராகங்களைக் காதால் அடையாளம் காணப் பழகலாம் என்று முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது.

ஆலாபனை (பாட்டுக்கு முன் சொற்களின்றி ராகத்தை விரித்துப் பாடுவது) நடக்கும்போதே ராகத்தின் பெயரை நோட்டில் எழுதிவிடுங்கள். கிருதி, அதாவது பாட்டு, தொடங்கியபின் எழுதினால் சாகித்யத்தை (பாட்டின் வரிகளை) வைத்துச் சொல்லிவிடுவோம், காதுக்கு வேலை இருக்காது. பலர் தடுமாறுவது பூர்விகல்யாணி, பந்துவராளி ராகங்களில்தான். ரிஷபம், காந்தாரம், மத்யமம் (ரி, க, ம) மூன்றும் இரண்டுக்கும் ஒன்றே. பாடகர் பஞ்சமத்தை (ப) தாண்டும்வரை பொறுங்கள். தைவதம் (த) சதுச்ருதி, அதாவது உயர்ந்தது, என்றால் பூர்விகல்யாணி; சுத்தம், அதாவது தாழ்ந்தது, என்றால் பந்துவராளி.

கச்சேரி நடக்கும் சபாக்களான மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையிலேயே இருப்பதால் மதியம் ஒரு கச்சேரி, மாலை ஒன்று என வைத்துக்கொள்ளலாம். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, முன்வரிசையும் கிடைக்கும். ஒரே நாளில் மூன்று வேண்டாம், காது களைத்துவிடும்.

தனி ஆவர்த்தனத்தின்போது (மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தயவுசெய்து கேன்டீனுக்கு எழுந்து போகாதீர்கள். தாளம் பிடிபட அதைவிட நல்ல இடம் இல்லை. ஆதி தாளமென்றால் தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணி, தட்டு வீச்சு இருமுறை போடுங்கள். கடைசிக் கோர்வை (முடிவாக வாசிக்கும் தாளக் கோவை) மும்முறை வந்து பாட்டின் எடுப்பில் (வரி தொடங்கும் இடத்தில்) சேருவது கையிலேயே தெரியும்.