எம்.எஃப். 135: ஆயில் பால் டீ நிறம், லோ 2 நழுவுது

பெகு_வயல்:
மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டர், 6 கியர் பெட்டி. கூண்டுச் சக்கரம் மாட்டி ஒரு மாசம் சேற்றுழவு ஓடியிருக்கு. டிப்ஸ்டிக்கை இழுத்தா ஆயில் லப்பேயே (பால் டீ) மாதிரி இருக்கு. லிஃப்ட் அதிர்ந்து அதிர்ந்துதான் தூக்குது. லோ 2இல் (லோ ரேஞ்ச், ரெண்டாம் கியர்) பாரம் ஏறினா லீவர் நியூட்ரலுக்குத் தாவிடுது. 90 நம்பர் கெட்டி ஆயில் ஊற்றினா அடங்குமா? பெட்டியைப் பிளக்கணுமா?

ஸ்பேனர்17:
90 வேண்டாம் தம்பி. இதில் கியர், டிஃபரன்ஷியல், லிஃப்ட் மூணுக்கும் ஒரே ஆயில். பம்ப் பின்பெட்டிக்குள்ளே மூழ்கிக் கிடக்கு; கெட்டி ஆயிலை உறிஞ்சத் திணறும். கியருக்கும் லிஃப்டுக்கும் சேர்த்து டிராக்டருக்கென்றே வரும் யுடிடிஓ ஆயில் வாங்குங்க. 30 லிட்டருக்கு மேல் பிடிக்கும், டிப்ஸ்டிக் கோடுதான் கணக்கு.

அந்த நிறம் வந்தது ஆயிலில் தண்ணி கலந்ததால். ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காதீங்க. காலையில் கியர்பெட்டி, பின்பெட்டி அடித் திருகுகளை லேசாத் தளர்த்தினா, அடியில் தங்கின தண்ணி முதலில் சொட்டும். ஆயில் தலைகாட்டினதும் இறுக்கிடுங்க. ஆயிலோடு கலந்துபோன தண்ணி இப்படிப் பிரியாது. அதுக்கு வண்டியைச் சூடேற்றி, லிஃப்ட் கைகளைக் கீழே இறக்கி (இல்லேன்னா சிலிண்டரில் இருக்கிறது அங்கேயே நிற்கும்), மொத்தத்தையும் வடிக்கணும். மலிவான மெல்லிய ஆயில் ஊற்றி, பாரமில்லாம ஒரு மணி நேரம் ஓட்டி, லிஃப்டை ஏற்றி இறக்கி, சூட்டோடு மறுபடி வடிங்க. பம்பின் உறிஞ்சு வலையையும் கழுவுங்க. டீசல் ஊற்றி அலசறது எனக்குச் சம்மதமில்லை: பம்புக்கு வழவழப்பு போயிடும், மூலையில் தங்கினது புது ஆயிலை நீர்க்க வைக்கும்.

மோல்மீன்_பட்டறை:
தண்ணி வந்த வழியை அடைக்காம ஆயில் மாத்தினா காசு சேத்துலதான். சூடான பெட்டி வயல் தண்ணியில் இறங்கினதும் உள்ளே காத்து சுருங்கும்; தேஞ்ச சீல் வழியா தண்ணியை இழுத்துக்கும். லீவர் அடி ரப்பரைப் பாருங்க, வெடிச்சிருந்தா மழைத் தண்ணியே போதும். பின் பிரேக் டிரம்மைக் கழற்றுங்க. பிரேக் கட்டையில் ஆயில் நனைஞ்சிருந்தா அச்சு சீல் போச்சு. ஆயில் வெளியே வர்ற இடம்தான் தண்ணி உள்ளே போற இடமும். கிளட்ச் கூட்டின் அடித் துளையைச் சேறு ஏறாம அடைச்சிருந்தா, உழவு முடிஞ்சதும் திறந்துடுங்க.

கியருக்கு உடனே பிளக்க வேண்டாம். ஹை ரேஞ்சில் போட்டும் 2 நழுவுதா பாருங்க. நழுவினா கோளாறு முன்பெட்டியில் (கியர்பெட்டி), ஹை-லோ பகுதியில் இல்லை. லீவர் மூடியைக் கழற்றி 2இல் போட்டு, பற்கள் முழு அகலத்துக்கும் கடிக்குதா டார்ச் அடிச்சுப் பாருங்க. பாதிதான் கடிச்சா கியரைத் தள்ளுற ஃபோர்க் தேஞ்சிருக்கு, இல்லே அதன் பூட்டுத் திருகு தளர்ந்திருக்கு. முழுசாக் கடிச்சும் நழுவினா, கியரை இடத்தில் பிடிச்சு வைக்கிற குண்டு-ஸ்பிரிங்கைப் பாருங்க. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடறது வாரம் தாங்காது. பல் முனை சாய்வாத் தேஞ்சிருந்தாலோ, தண்டு முன்னும் பின்னும் ஆடினாலோ வண்டியை நடுவில் பிளந்தே ஆகணும். அப்போ முன் அச்சுக்கு மேலே ரெண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்காம ஒரு போல்ட்டையும் தொடாதீங்க, எஞ்சின் கவிழ்ந்துடும்.

பெகு_வயல்:
ஹையிலும் நழுவுது. திறந்து பார்த்தேன் அண்ணே, பாதிதான் கடிக்குது. ஃபோர்க் திருகு விரலாலேயே சுத்துது, பூட்டுக் கம்பியைக் காணோம்.

மோல்மீன்_பட்டறை:
அறுந்த கம்பி அடியில்தான் கிடக்கும். வடிக்கும்போது காந்தம் விட்டுத் துழாவி எடுங்க. ஃபோர்க் முனை தேயலேன்னா திருகின் கூர்முனை தண்டுக் குழியில் உட்காருற மாதிரி இறுக்கிட்டு, புதுக் கம்பி கட்டுங்க. கம்பி திருகை இறுகுற பக்கமா இழுக்கணும்.