சீல் மாற்றியும் கசிகிறது, பிரேக் பிடித்தால் தட்டுகிறது

வெள்ளிக்கிழமை

கதிர்: எல்லோருக்கும் ஒரு கேள்வி, குறிப்பாகச் சித்தப்பாவுக்கு. என் பைக்கில் முன் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டிலில் 'டக்'கென்று ஒரு தட்டு தெரிகிறது. அதோடு இடது ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் கால்) எண்ணெய் மறுபடியும் கசிகிறது. போன தடவை கசிந்தபோது கடையில் விட்டு இரண்டு பக்கமும் புது ஆயில் சீல் போட்டுத்தான் எடுத்து வந்தேன். இப்போது திரும்பவும் ஃபோர்க்கின் குரோம் பைப்பைச் சுற்றி எண்ணெய் வளையம்.

மாமா: கோன் செட்தான் கதிர். ஹேண்டில் கழுத்தில் பேரிங் லூஸ் ஆனால் பிரேக் பிடிக்கும்போது இப்படித்தான் தட்டும். இறுக்கினால் சரியாகிவிடும்.

நித்யா: நானும் அந்த வண்டியை ஓட்டினேன் மாமா. பிரேக் தொடாமலே சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் தடதடவென்று வருகிறது. பெரிய பள்ளத்தில் அவ்வளவு தெரியவில்லை, பொடிப் பள்ளம்தான் மோசம்.

சித்தப்பா: கதிர், இப்போதைக்கு எதையும் இறுக்காதே. மாமா சொல்வதும் நடக்கக்கூடியதுதான். கோன் செட், ஃபோர்க் புஷ், வீல் பேரிங், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குள் பிரேக் பேட் அசைவது, இதில் எது இருந்தாலும் கைக்கு ஒரே மாதிரித் தட்டாகத்தான் தெரியும். ஆனால் புது சீல் போட்டும் கசிகிறது என்றாய் பார், அதனால்தான் எனக்குப் புஷ் மேல் சந்தேகம் வருகிறது. சீலின் வேலை எண்ணெயை நிறுத்துவது மட்டும்தான். பைப்பை நேராகப் பிடித்து வைத்திருப்பது புஷ் என்ற வளையம். அது தேய்ந்துவிட்டால் பைப் பாட்டத்துக்குள் (பைப் நுழைந்து ஏறி இறங்கும் கீழ்க்குழல்) முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டத்துக்குச் சீலின் ரப்பர் உதடு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு பக்கம் நசுங்கி எதிர்ப்பக்கம் இடைவெளி விடும். புஷ்ஷைப் பார்க்காமல் எத்தனை சீல் போட்டாலும் இதே கதைதான்.

அத்தை: எண்ணெய் பிரேக்கில் படுகிறதா என்று யாராவது பார்த்தீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.

கதிர்: பார்த்தேன் அத்தை. டிஸ்க் வலது பக்கம், கசிவு இடது பக்கம். டிஸ்க்கும் பேடும் காய்ந்துதான் இருக்கின்றன.

சித்தப்பா: அத்தை கேட்டதுதான் முதல் கேள்வி. பேடில் எண்ணெய் பட்டிருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

சித்தப்பா: நாளைக் காலையில் இரண்டு பேராகச் சேர்ந்து இதைச் செய்யுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். வண்டி ஆடாமல் உறுதியாக நிற்க வேண்டும். ஒருவர் முன்னால் உட்கார்ந்து இரண்டு ஃபோர்க்கையும் ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, பக்கத்தில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ள வேண்டும். பிரேக் பிடிக்காதீர்கள், பிடித்தால் பேட் நகரும் சத்தமும் சேர்ந்து குழப்பிவிடும். இன்னொருவர் கையை இரண்டு இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் ஹேண்டில் கழுத்தில், ஃபோர்க்கைக் கவ்வும் கீழ் கிளாம்ப் சேசிஸைச் சந்திக்கும் இடத்தில். அங்கே அசைவு விரலில் தட்டினால் மாமா சொன்னது சரி. அடுத்து குரோம் பைப் பாட்டத்துக்குள் நுழையும் இடத்தில், தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலுக்கு மேல். கிளாம்ப் அசையாமல் அங்கே மட்டும் அசைந்தால் புஷ்.

மாமா: வீல் பேரிங்கை எப்படிப் பிரிப்பது?

சித்தப்பா: டயரை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள் மாமா. ஃபோர்க் அப்படியே நிற்க சக்கரம் மட்டும் ஆக்சிலில் ஆடினால் பேரிங்.

சனிக்கிழமை

நித்யா: பார்த்துவிட்டோம். கழுத்தில் ஒன்றுமே இல்லை, சக்கரமும் பக்கவாட்டில் ஆடவில்லை. ஆனால் இடது பைப்பில் விரல் வைத்தால் நன்றாகத் தெரிகிறது சித்தப்பா. கதிர் இழுக்கும்போது டஸ்ட் சீல் விளிம்பில் நின்ற எண்ணெய்க் கோடு முன்பக்கம் அகலமாகிறது, தள்ளினால் உள்ளே போய்விடுகிறது. வலது பக்கமும் இருக்கிறது, கொஞ்சம் குறைவு.

சித்தப்பா: அருமையாகப் பார்த்திருக்கிறாய் நித்யா. பைப்புக்கும் பாட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி எப்போதும் இருக்கும், இல்லாவிட்டால் ஃபோர்க் இறங்கி ஏறாது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருக்கக் கூடாது. புஷ்தான்.

மாமா: கொஞ்சம் கெட்டியான ஃபோர்க் ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்காதா? பிரிக்கிற வேலை மிச்சம்.

சித்தப்பா: அடங்காது மாமா. எண்ணெயின் கெட்டித்தன்மை ஃபோர்க் எவ்வளவு வேகமாக இறங்கி ஏறுகிறது என்பதை மாற்றும், உலோகம் தேய்ந்து உண்டான இடைவெளியை நிரப்பாது. சின்ன மேடு பள்ளத்தில் ஃபோர்க் இன்னும் விறைப்பாகி ஓட்டுவதுதான் கெட்டுப்போகும்.

சித்தப்பா: கதிர், சாமான் வாங்குவதற்கு முன்னால் ஒரு முக்கியமான விஷயம். எல்லா வண்டியிலும் தனிப் புஷ் கிடையாது. சின்ன வண்டிகள் பலவற்றில் பைப் நேராக அலுமினியப் பாட்டத்தின் உள்சுவரிலேயே உரசி ஓடும். அப்படிப்பட்டதில் தேய்ந்தால் மாற்றுவதற்குப் புஷ் இல்லை, பாட்டத்தையோ பைப்பையோதான் மாற்ற வேண்டும். உன் மாடலின் பார்ட்ஸ் படத்தில் ஃபோர்க் பக்கத்தை எடுத்து மேல் புஷ், கீழ் புஷ் என்று தனி எண் இருக்கிறதா பார்.

கதிர்: இருக்கிறது, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு புஷ். படம் அனுப்புகிறேன்.

சித்தப்பா: நல்லது. கீழ்ப் புஷ் பைப்பின் அடிமுனையில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து பைப்போடு சேர்ந்து நகரும், அதன் வெளிப்பக்கம் பாட்டத்தில் உரசும். மேல் புஷ் பாட்டத்தின் வாயில் அடித்து இறக்கப்பட்டிருக்கும், அதன் உள்பக்கத்தில் பைப் உரசும். இரண்டும் ஓரிடத்தில் பிளவு விட்ட மெல்லிய வளையங்கள். நாலு புஷ், இரண்டு ஆயில் சீல், இரண்டு டஸ்ட் சீல், அடி போல்ட்டுக்கு இரண்டு செம்பு வாஷர், ஃபோர்க் ஆயில், இவ்வளவையும் வாங்கி வைத்துவிட்டுப் பிரி. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே, இரண்டு காலும் ஒரே ஆக்சிலைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன, ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால் பயனில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

கதிர்: சாமான் எல்லாம் வந்துவிட்டது, ஆரம்பிக்கிறேன்.

சித்தப்பா: சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னாலேயே இரண்டு வேலை. மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, பைப் கீழ் கிளாம்பில் இறுகியிருக்கும்போதே ஃபோர்க் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்து. கையில் எடுத்த பிறகு அந்த மூடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதேபோல பாட்டத்துக்கு அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டையும் இப்போதே லேசாக விடுவித்து வை. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதே, கயிற்றால் கட்டு. டிஸ்க் வெளியே வந்த பிறகு பிரேக் லீவரை யாரும் அழுத்தக் கூடாது.

அத்தை: குழந்தைகள் அந்தப் பக்கம் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கதிர்: வலது பக்கம் அடி போல்ட் விட்டுக்கொடுத்துவிட்டது. இடது பக்கம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை.

சித்தப்பா: உள்ளே அந்தப் போல்ட் மாட்டியிருக்கும் டேம்பர் ராடும் சேர்ந்து சுற்றுகிறது. மூடியைக் கழற்றாதே, ஸ்பிரிங் உள்ளேயே இருக்கட்டும். ஃபோர்க்கைத் தலைகீழாக நிறுத்தி, மேல்முனை மரக்கட்டையில் ஊன்றியிருக்க, நித்யா பாட்டத்தைக் கீழ்நோக்கி நன்றாக அழுத்தட்டும். ஸ்பிரிங் இறுகி ராடை அமுக்கிப் பிடிக்கும், அந்த நேரத்தில் போல்ட்டைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டித் திருப்பு.

நித்யா: வந்துவிட்டது! 💪

சித்தப்பா: இனி மூடி. கடைசிப் புரியில் ஸ்பிரிங் மூடியைத் தூக்கி எறியப் பார்க்கும், உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருப்பு, முகத்தை நேர்மேலே வைக்காதே.

கதிர்: எண்ணெயை வடித்துவிட்டேன். கரும்சாம்பல் நிறம், தட்டில் ஊற்றி வெயிலில் பிடித்தால் பொடி மினுமினுக்கிறது.

சித்தப்பா: தேய்ந்த உலோகம்தான் அந்த மினுமினுப்பு. அடுத்து டஸ்ட் சீலை நெம்பி எடு, உள்ளே கம்பி லாக் தெரியும், அதையும் எடு. பிறகு பைப்பை ஒரு கையிலும் பாட்டத்தை ஒரு கையிலும் பிடித்து, கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு வேகமாக வெளியே இழு. இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும்போது கீழ்ப் புஷ் போய் மேல் புஷ்ஷை இடித்து, அதுவும் வாஷரும் சீலும் ஒன்றாக வெளியே வந்துவிடும். பாட்டத்துக்குள்ளே அடியில் ஆயில் லாக் என்று ஒரு சின்ன உருளை இருக்கும், குப்பையோடு போய்விடாமல் எடுத்து வை.

கதிர்: [படம்] நாலு புஷ்ஷும் இதோ. இடது மேல் புஷ்ஷின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

சித்தப்பா: கச்சிதமான படம். புதுப் புஷ்ஷில் உள்ளே முழுக்கச் சாம்பல் நிறமாக இருக்கிறதல்லவா, அது டெஃப்லான் பூச்சு. அதற்கு அடியில் வெண்கல அடுக்கு, அதற்கும் அடியில் எஃகு. உன் பழைய புஷ்ஷில் முன்பக்கமும் பின்பக்கமும் செம்பு நிறமாகிவிட்டது, இரண்டு ஓரத்தில் மட்டும் சாம்பல் மிச்சம். பிரேக்கின் விசை முன்பின்னாகத்தான் வரும் என்பதால் தேய்மானமும் அங்கேதான். ஹோண்டா சர்வீஸ் புத்தகங்களில் செம்பு நிறம் முக்கால் பங்குக்கு மேல் தெரிந்தால் மாற்று என்று அளவே போட்டிருக்கும். நான் அதுவரை காத்திருக்க மாட்டேன், ஃபோர்க்கை இவ்வளவு தூரம் பிரித்த பிறகு பழைய புஷ்ஷைத் திருப்பிப் போடுவதில் அர்த்தமில்லை.

மாமா: பைப் வளைந்திருந்தாலும் இப்படித் தேயுமா?

சித்தப்பா: தேயும் மாமா, அதனால்தான் இப்போதே பார்க்க வேண்டும். பைப்பைச் சமமான கண்ணாடி மேல் உருட்டு கதிர், ஓரிடத்தில் அடியில் வெளிச்சம் வந்து வந்து போனால் வளைவு இருக்கிறது. குரோமில் நகத்தை ஓட்டு, துருப்புள்ளி நகத்தில் தட்டினால் அது புதுச் சீலை அறுத்துவிடும். பாட்டத்துக்குள் டார்ச் அடித்துப் பார், ஆழமான கோடு விழுந்திருந்தால் புஷ் மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை.

கதிர்: இரண்டு பைப்பும் நேராக உருள்கின்றன. குரோம் சுத்தம். பாட்டத்துக்குள் மங்கலான தடம்தான், நகத்தில் தட்டவில்லை.

சித்தப்பா: அதிர்ஷ்டசாலி. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டுச் சேர்க்க ஆரம்பி. கீழ்ப் புஷ்ஷை மாட்டும்போது பிளவை எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் விரி, அதிகம் விரித்தால் வட்டம் போய்விடும். டேம்பர் ராடு, ஆயில் லாக், பைப் எல்லாம் பாட்டத்துக்குள் போன பிறகு அடி போல்ட்டைப் புதுச் செம்பு வாஷரோடும் புரியில், போல்ட் தளராமல் பிடிக்கும் திரெட் லாக் பசையோடும் போடு. மேல் புஷ்ஷைப் பைப் வழியாக இறக்கி, பிளவு பக்கவாட்டில் வருமாறு வை, முன்னும் பின்னும்தான் பாரம் தாங்க வேண்டும். அதற்கு மேல் பழைய புஷ்ஷை வைத்து, பைப்பின் மேல் தளர்வாக ஓடும் ஒரு பிளாஸ்டிக் குழாயால் நேராகத் தட்டு. பழையது அடியை வாங்கிக்கொள்ளும், புதியது கோணாமல் இறங்கும்.

நித்யா: தட்டும்போது சத்தம் மாறியது சித்தப்பா, மந்தமாக இருந்தது திடீரென்று கணீரென்று ஆனது.

சித்தப்பா: அடி வரை உட்கார்ந்துவிட்டது, நிறுத்துங்கள். பழைய புஷ்ஷை எடுத்துவிட்டு வாஷர், பிறகு சீல். பைப்பின் மேல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போர்த்தி எண்ணெய் தடவிச் சீலை இறக்கு, அந்த விளிம்பு கூர்மையானது. எழுத்துள்ள பக்கம் மேலே. லாக்குக்கான பள்ளம் முழுதாகத் தெரியும் வரை தட்டி, லாக்கை மாட்டி, அதைச் சுற்றிலும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகு டஸ்ட் சீல்.

கதிர்: எண்ணெய் எவ்வளவு? புத்தகத்தில் இரண்டு அளவு இருக்கிறது.

சித்தப்பா: சும்மா வடித்து ஊற்றுவதற்கு ஒன்று, முழுதாகப் பிரித்துக் காய்ந்த ஃபோர்க்குக்கு ஒன்று. உனக்கு இரண்டாவது, அதுதான் அதிகமாக இருக்கும். ஊற்றிவிட்டுப் பைப்பை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்று. பிறகு ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் எத்தனை மி.மீ. என்று இரண்டு காலிலும் அளந்து சமமாக்கு. புத்தகத்தில் எண்ணெயின் கெட்டித்தன்மை 10டபிள்யூ என்றால் 10டபிள்யூதான், கெட்டி எண்ணெய் வேண்டாம்.

கதிர்: எல்லாம் மாட்டிவிட்டேன். ஆக்சிலை இறுக்கட்டுமா?

சித்தப்பா: ஆக்சில் நட்டை இறுக்கு, பாட்டத்தில் ஆக்சிலைக் கவ்வும் போல்ட்டை மட்டும் விட்டுவை. வண்டியை இறக்கி முன்பக்கத்தைச் சில தடவை நன்றாக அமுக்கி விடு. இரண்டு காலும் தாமாக நேராக நிற்கும், அப்புறம் அந்தப் போல்ட்டை டார்க் அளவுக்கு, அதாவது புத்தகத்தில் சொன்ன இறுக்கத்துக்கு, இறுக்கு. இதைச் செய்யாவிட்டால் கால் கோணலாக நின்று புதுப் புஷ்ஷைத் தின்ன ஆரம்பிக்கும். கிளம்புவதற்கு முன் பிரேக் லீவரை அது கெட்டியாகும் வரை பல தடவை அழுத்து, பேட் பின்னால் போயிருக்கும்.

மாலை

கதிர்: ஓட்டிவிட்டு வந்தேன். தட்டு போய்விட்டது. அந்தப் பொடிப் பள்ளங்களில் ஃபோர்க் சத்தமே இல்லாமல் இறங்கி ஏறுகிறது, பிரேக் பிடித்தால் ஹேண்டில் கைக்குள் நிற்கிறது. பைப் இரண்டும் காய்ந்திருக்கின்றன.

மாமா: வாழ்த்துகள் கதிர். அடுத்த எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும்?

சித்தப்பா: இந்தத் தடவை மட்டும் புத்தகத்தில் சொன்னதற்குக் கொஞ்சம் முன்னதாகவே மாற்றிவிடட்டும் மாமா. புதுப் புஷ் பதியும்போது முதல் எண்ணெய் சீக்கிரம் கறுக்கும், அந்த அழுக்கு உள்ளேயே சுற்றினால் பூச்சைத் தேய்க்கும். கதிர், மழையில் ஓட்டிவிட்டு வந்தால் டஸ்ட் சீலுக்கு மேல் ஒட்டும் சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிடு, காயவிடாதே.

நித்யா: நாளைக்கு வண்டி எனக்கு வேண்டும்.

கதிர்: கிளாம்ப் போல்ட்டையும் ஆக்சில் போல்ட்டையும் காலையில் ஒரு தடவை டார்க் பார்த்துவிட்டுச் சாவியைத் தருகிறேன்.