மண்ணெண்ணெயில் ஓடிய மைனர் பிக்கப்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

உரும்பிராயில் இருந்து:

எங்கள் வீட்டுப் புகையிலைக் கொட்டிலில் இருபது வருடத்துக்கு மேல் நின்ற மொறிஸ் மைனர் பிக்கப், 2024 தை மாதம் மறுபடி சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனது. வேலை முடிய இரண்டு வருடம் பிடித்தது. பழைய வாகனம் ஒன்றைத் திருத்தும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நின்றிருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

எங்களுடையது 1959 ஆம் ஆண்டு வண்டி. மைனர் கார் 1948 இலேயே வந்துவிட்டது. பிக்கப்பும் வானும் 1953 இல்தான் வந்தன. காருக்கு உடலே சட்டம். பிக்கப்புக்கு அப்படியில்லை, அடியில் ஏணி போல இரும்புச் சட்டம் ஓடும். பின்னுக்குத் தடித்த வில்லுகள், கால் தொன் சுமை, 948 சீசீ எஞ்சின். திரும்பும்போது கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து சிறு கை போல ஒரு சிக்னல் எட்டிப் பார்க்கும். சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்காகவே சந்திவரை ஓடிப்போய் நிற்பேன்.

1990 இல் போரால் யாழ் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டதும் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மைனர் என்று எங்கள் ஊர்ப் பழசுகள் மண்ணெண்ணெய்க்கு மாறின. அப்பாவும் மாற்றினார். பொனற்றுக்குள் ஒரு சிறு போத்தலில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். இரண்டு குழாயும் டாஷ்போட்டுக்குக் கீழே, இடப்பக்க இருக்கைக்கு நேரே, ஒரு பித்தளை வால்வில் வந்து சேரும். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னர் மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். மறந்துபோய், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெயை விட்டுவிட்டால் அடுத்த நாள் காலை தள்ளித்தான் மாள வேண்டும்.

அப்பா போன பிறகு அதை விலைக்குக் கேட்டு வந்தவர்கள் பலர். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் இன்னும் கூடுதலாக வந்தார்கள். அம்மா ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. நான் கோண்டாவிலில் இருக்கும் ஒரு மெக்கானிக் ஐயாவைக் கூட்டி வந்தேன். எழுபது வயது தாண்டியவர், அந்த நாளில் நிறைய வண்டிகளை மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கொடுத்தவர். பொனற்றைத் திறக்கவில்லை, ரயரைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து டாஷ்போட்டுக்குக் கீழே கையை விட்டார்.

“இதைக் கழட்டாதையும் தம்பி. மிச்சத்தைப் பிறகு பாப்பம்.”

வேலை தொடங்கியது அடிப்பக்கத்தில். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்குறூ றைவர், அவ்வளவுதான். நல்ல இரும்பைத் தட்டினால் ‘ணங்’ என்று கேட்கும். கறல் தின்ற இடம் மட்டையில் தட்டுவது போலச் செத்த சத்தம் தரும். பின் வில்லுகளைத் தாங்கும் இடங்கள் இரண்டும் செத்த சத்தம். சாரதியின் காலடித் தகட்டில் ஸ்குறூ றைவர் நேரே உள்ளே போனது. மேலே பூசியிருந்த தாரைச் சுரண்டியபோது அதற்குக் கீழே இன்னொரு தகடு இருந்தது. தார்ப் பீப்பாவை வெட்டி, நிமிர்த்தி, சுற்றிவர ஆணி அறைந்து பொருத்தியிருந்தார்கள். பீப்பாவின் வளைவு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஓரத்தில் வெள்ளைப் பெயின்றில் அச்சடித்த இரண்டு இலக்கங்கள், 8, 2. வெல்டிங் செய்ய மின்சாரம் இல்லாத காலத்து வேலை. ஆணிகள் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, அளந்து அறைந்தது போல. காலடித் தகடு உயிரோடு விளையாடும் இடம் என்பதால் அதை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். எடுத்துத் துடைத்து, எண்ணெய் பூசி, கொட்டில் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உடல் வேலையை அவசரப்படுத்தும் இடத்தில் கொடுக்காதீர்கள். முன் மட்காட் இரண்டையும் ஓர் இடத்தில் கொடுத்தேன். பளபளவென்று வந்தன. நாலு மாதத்தில் வெடிப்பு விழுந்தது. சுரண்டினால் விரல் தடிப்புக்குப் பள்ளம் நிரப்பும் பட்டிப் பசை, அதற்குப் பின்னால் கறல் அப்படியே. காசும் போய், மட்காட்டும் இன்னும் மோசமாகிவிட்டது. பிறகு ரிங்கரிங் (தகட்டு வேலை) செய்யும் ஒருவரை வீட்டுக்கே அழைத்து, கறலை வெட்டிப் புதுத் தகடு ஒட்டி, பெயின்ற் அடிக்க முன்னர் ஒவ்வொரு ஒட்டையும் நானே கையால் தடவிப் பார்த்தேன். பெயின்ற்றுக்குள் மறைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

எஞ்சினைத் திறந்தபோது மண்ணெண்ணெய் என்ன செய்யும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பிஸ்டன் தலையில் கரி ஓடு போலத் திரண்டு நின்றது. எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் அளவு குறையாமல் ஏறும், ஆனால் அது ஒயிலே இல்லை. சிலிண்டர் சுவரின் மேற்பக்கத்தில் நகம் தட்டுப்படும் அளவுக்கு ஒரு படி. அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு பெரிதாகக் கடைந்து, அந்த அளவுக்கு பிஸ்டன் எடுத்தோம். இந்த எஞ்சினுக்கு வழமையாக அதுதான் கடைசி அளவு. இன்னொரு தரம் கடைய இடமில்லை. ஆதலால் இனி மண்ணெண்ணெய் இல்லை என்று அன்றே முடிவு.

2022 இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தது. உதிரிப்பாகம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போய்விட்டது. பெற்றோல் நிலையங்களில் நாள் கணக்கில் வரிசை. அரைவாசி கழற்றிய வண்டியோடு எட்டு மாதம் இருந்தோம். அந்த நேரம் செய்தது பின்பெட்டிக்கான பலகை வேலை. அப்பா போட்டிருந்த பனஞ்சிலாகையில் பாதி உக்கியிருந்தது. வைரம் பாய்ந்த பழைய பனைக் கூரைமரம் எடுத்துப் புதிதாகப் போட்டோம். தச்சர் வாள் கூராக்கியே களைத்துவிட்டார். ஆனால் சீவி எண்ணெய் பூசியதும் கறுப்பு நரம்புகள் எழும்பி வந்த அழகு இருக்கிறதே, அதற்குப் பெயின்ற் அடிக்க ஒருவருக்கும் மனம் வராது.

பிறேக்கைப் பற்றி மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மிதியை அழுத்தும்போது பிறேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதன் போல்ட்டை இழுக்கப் போனால், முன் சில்லுகளுக்கு வில்லுப் போல வேலை செய்யும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். கம்பியைத் தளர்த்தி நகர்த்தினால்தான் போல்ட் வெளியே வரும். மூன்று நாள் போனது. முன்னுக்கு டிஸ்க் பிறேக் போட்டேன், டைனமோவை எடுத்து ஓல்ற்றநேற்றர் வைத்தேன், இருக்கைப் பட்டி போட்டேன். பட்டியைப் பூட்டும் இடத்தில் தடித்த தகடு ஒட்டாமல் மெல்லிய தகட்டிலேயே பூட்டினால் அது வெறும் அலங்காரம்தான். பழைய நிலையிலேயே இருக்க வேண்டும் என்பவர்கள் இதற்கெல்லாம் கோபிப்பார்கள். என் பிள்ளைகள் இதில் ஏறுவார்கள். நிற்பதும் திரும்புவதும் இன்றைய றோட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

வெளியே முதல் நிறமான சாம்பல் கலந்த பச்சை. கதவுகளின் உள்பக்கத்தில் அப்பா வீட்டு யன்னலுக்கு வாங்கிய நீலம் இருக்கிறது. அதைத் தொடவில்லை.

வவுனியாவில் இருந்து:

அண்ணை, முறுக்குக் கம்பியைச் சொன்னீர்கள், அதன் முன்னுக்கு இருப்பதைச் சொல்லவில்லை. அதை நான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு நடந்தது.

மைனரின் முன் சில்லு மேலும் கீழும் ஒவ்வொரு திருகுமுட்டில் நிற்கிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் திருகின் பல் தேய்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது, சத்தமும் பெரிதாக வராது. ஒரு நாள் பல் முழுதாகப் போய், திருகு கழன்று, சில்லு அப்படியே சரிந்துவிடும். எனக்கு வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது சரிந்தது. நடை வேகம். மட்காட் மண்ணில் குத்தி நின்றது. பத்து நிமிடத்துக்கு முன்னர் ஏ9 வீதியில் லொறிகளுக்கு நடுவில் வந்திருந்தேன். அன்று இரவு சாப்பிட முடியவில்லை.

இப்போது ஒவ்வொரு 1000 மைலுக்கும் கிறீஸ் அடிக்கிறேன். அடிக்கும்போது சில்லை நிலத்திலிருந்து தூக்கிவிட்டு அடியுங்கள், அப்போதுதான் கிறீஸ் எல்லாப் பக்கமும் போகும். பழைய கிறீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும்.

என்னுடையது 1967 பிக்கப். நான் உங்களைவிடக் கூட மாற்றியிருக்கிறேன்: 1275 சீசீ எஞ்சின், ஐந்து கியர். கொழும்புக்குப் போய்வர வேண்டியிருக்கிறது, நாலு கியரில் எஞ்சின் கத்துவதைக் கேட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் போக என்னால் ஏலாது. ஆனால் பழைய எஞ்சினை விற்கவில்லை. ஒயில் பூசி, சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். அடியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. என் மகன் விரும்பினால் ஒரு கிழமையில் பழையபடி ஆக்கலாம். மாற்றுகிறவர்கள் இதையும் யோசித்து மாற்றினால் நல்லது.

கனடா, ஸ்காபரோவில் இருந்து:

எனக்கு வாகனம் திருத்தத் தெரியாது. அந்த வால்வைப் பற்றி வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களிடம் இருந்தது ஏ40. வால்வு வைக்க அப்பாவுக்கு வசதிப்படவில்லை. ஒரு சேலைன் போத்தலில் பெற்றோல், அதன் மெல்லிய குழாய் பொனற்றுக்குள் போகும். போத்தலை உயர்த்திப் பிடிப்பது என் வேலை. எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா “விடு” என்றால் குழாயின் சிறு சில்லை உருட்டித் திறப்பேன், “காணும்” என்றால் பூட்டுவேன். ஒரு துளி கூடப் போனாலும் அவர் முகம் மாறும். பெற்றோல் அப்போது மருந்து மாதிரி.

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது நாங்களும் அதில்தான் வெளிக்கிட்டோம். மழை. நாவற்குழிப் பாலத்துக்கு வர முன்னரே வண்டி நகர இடமில்லை. சனம், சைக்கிள், மாடு, கட்டில். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி ஸ்ராட் பண்ணப் பெற்றோல் காணாது, நிறுத்தாவிட்டால் சூடேறி நின்றுவிடும். அப்பா நிறுத்தினார். பிறகு தள்ளினோம். முன்னுக்கு அம்மம்மா மட்டும் இருந்தா, அவவின் மடியில் அந்தப் போத்தல். அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பெற்றோல் மிச்சம் இருந்தது. கைதடிவரை அதை நாங்கள் பாவிக்கவே இல்லை.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஏ40 விட்ட இடத்தில் இல்லை. படம் கூட இல்லை. இங்கே குளிர்காலத்தில் வீடு சூடாக்கும் எண்ணெய் மணம் எங்காவது வந்தால் நின்றுவிடுவேன்.

உங்கள் வீட்டில் அந்த வால்வைத் திருப்புவது யாருடைய வேலை? இன்னும் இருக்கிறதா?

உரும்பிராயில் இருந்து:

வவுனியாத் தம்பிக்கு முதலில் நன்றி. உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு நேற்றே இரண்டு சில்லையும் தூக்கிக் கிறீஸ் அடித்தேன். வலப்பக்கத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. புதிய முட்டு வரும்வரை வண்டியை எடுக்கப் போவதில்லை.

அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில். வால்வு இருக்கிறது. போத்தலையும் பழைய குழாய்களையும் எடுத்துவிட்டோம், அவை தீப்பிடிக்கக்கூடியவை. பம்பிலிருந்து வரும் புதுக் குழாய் மட்டும் அதற்குள்ளால் போகிறது. ஒரு பக்கம் திருப்பினால் பெற்றோல் ஓடும், மற்றப் பக்கத்தில் ஒன்றும் இல்லை, நின்றுவிடும். களவு போகாமல் இருக்கவும் உதவும் என்று மெக்கானிக் ஐயாதான் அப்படிப் பூட்டித் தந்தார்.

யாருடைய வேலை என்று எனக்கு இந்தத் தை மாதம்வரை தெரியாது. சந்தைக்குப் போன முதல் நாள் அம்மாவும் வருவேன் என்று இடப்பக்கம் ஏறி இருந்தா. வெங்காயம் நாலு மூட்டை. போகும்போதும் வரும்போதும் அவ ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது எங்கள் பிள்ளையார் கோவிலடி தாண்டியதும், றோட்டைப் பார்த்தபடியே கையைக் கீழே விட்டு வால்வைத் திருப்பினா. கிண்ணத்தில் இருந்த பெற்றோல் முடியும்வரை வண்டி ஓடியது. படலைக்கு முன்னால் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

“ஏன் தம்பி நிண்டது?” என்று கேட்டா. கை இன்னும் வால்விலேயே இருந்தது.