மின்தடையில் கிடந்த கறியைக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாமா?

கொட்டாஞ்சேனை இல்லத்தரசி கேட்டது:

தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறோம். சென்ற வாரப் பெருமழையில் மின்கம்பியின் மேல் மரம் முறிந்து விழுந்ததால், காலை முதல் பின்னேரம் வரை மின்சாரம் இருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் முதல்நாள் சமைத்த சூரை மீன் கறியும் பருப்பும் சோறும் இருந்தன. உறைபெட்டியில் கோழி இறைச்சி இருந்தது. நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்பது மாமியின் கருத்து. குளிர்சாதனப் பெட்டியே இல்லாத காலத்தில் பெரிய குடும்பத்துக்குச் சமைத்தவர் என்பதால் அவர் சொல்லைத் தட்டவும் மனம் வரவில்லை. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை வீச வேண்டும்? அக்கா குடும்பம் வெல்லம்பிட்டியில் இருப்பதால், வெள்ளம் வந்தால் உணவை என்ன செய்வது என்பதையும் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரின் பதில்:

உங்கள் மாமி சொல்வதில் பாதி சரி. கொதிக்க வைத்தால் உயிருள்ள கிருமிகளில் பெரும்பாலானவை சாகும் என்பது உண்மை. ஆனால் அவை சாகுமுன் உணவில் விட்டுச் சென்ற நஞ்சு பல வேளைகளில் சாவதில்லை. நம் கையிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபிலோகொக்கஸ் உணவில் பெருகி உண்டாக்கும் நஞ்சு கொதிநிலையையும் தாங்கும். சோற்றில் பசிலஸ் செரியஸ் என்ற கிருமி இருக்கிறது. அதன் வித்துகள் அரிசி வேகும்போதும் அழியாமல் கிடந்து, சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, வாந்தியை ஏற்படுத்தும் நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சும் மறுபடி சூடாக்குவதால் போவதில்லை. நீங்கள் குறிப்பிட்ட சூரை மீனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சூரை, பலயா போன்ற மீன்களைக் குளிரில் வைக்காமல் விட்டால் சதையில் ஹிஸ்டமின் சேரும்; அதைச் சமைப்பதும் நீக்காது, உறைய வைப்பதும் நீக்காது. மணத்திலும் தெரியாமல் போகலாம். சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடியும் படபடப்பும் வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

மாமியின் காலத்து முறையில் பிழை இருக்கவில்லை. அன்று காலையில் வாங்கிய மீன் அன்றே தீர்ந்தது. வைத்திருக்க வேண்டியதைக் கொறக்காப்புளி சேர்த்து நீர் வற்றக் காய்ச்சினார்கள். தேங்காய்ப்பால் விட்ட கறியை மறுநாளுக்கு நம்பவில்லை. இரண்டு மூன்று நாட்களுக்குச் சமைத்து அடுக்கும் பழக்கம் குளிர்சாதனப் பெட்டியோடு வந்தது. ஆகவே அந்தப் பெட்டி நின்றுவிட்டால் பழைய நம்பிக்கையை இந்த உணவின் மேல் வைக்க முடியாது.

கதவைத் திறக்காமல் வைத்தால் குளிர்சாதனப் பெட்டி சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். உங்கள் கறி, பருப்பு, சோறு மூன்றையும் வீசத்தான் வேண்டும். கோழி இறைச்சியில் பனித்துகள் இன்னும் இருந்தால் சமைக்கலாம், மறுபடி உறையவும் வைக்கலாம். அச்சாறு, ஜாம், வெட்டாத மரக்கறி, பழங்களுக்குப் பயமில்லை. கெட்டதா என்று வாயில் வைத்துப் பார்க்க மட்டும் வேண்டாம். மின்சாரம் இருக்கும் நாளிலும் சமைத்ததை மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் 1 மணி நேரந்தான்.

வெல்லம்பிட்டிவாசி ஒருவரின் பதில்:

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவையும் எங்கள் பகுதியும் மூழ்கியபோது வந்தது வெறும் ஆற்றுநீர் அல்ல. மலக்குழிகளில் இருந்ததும் அதில் கலந்திருந்தது. அந்த நீர் பட்ட அரிசி, மா, சீனி, திருகுமூடிப் போத்தல்கள், அட்டைப் பெட்டிப் பால் எதையும் காயவைத்து எடுக்க எண்ண வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். நசுங்காத, துருப்பிடிக்காத தகர டின்களை மட்டும் காப்பாற்றலாம். தாளை உரித்து, உள்ளே இருப்பது என்னவென்று டின்னின் மேல் எழுதி, விளிம்பு மடிப்பில் அப்பியிருக்கும் சேற்றைத் தூரிகையால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு 4 லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி மணமற்ற வெளிறல் திரவம் (பிளீச்) கலந்த நீரில் 15 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். டின்னைத் திறக்கும்போது முதலில் உள்ளே விழுவது அந்த மடிப்புச் சேறுதான்.

உதவ வருபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். விடியலில் சமைத்துக் கட்டிய சோற்றுப் பொதி படகில் ஏறி எங்களிடம் வந்து சேரப் பின்னேரம் ஆகிவிடுகிறது. தாய்மார் அதில் பாதியை இரவில் பிள்ளைகளுக்குக் கொடுக்க எடுத்து வைக்கிறார்கள். உங்கள் அன்பை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் பிஸ்கட், டின் மீன், போத்தல் நீர் தாருங்கள். சோறுதான் என்றால் முகாமுக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றைக் குளோரின் இட்டுச் சுத்தமாக்கும்வரை அந்த நீரைக் குடிக்கவோ பாத்திரம் கழுவவோ கூடாது.

தெஹிவளை வாசகர் ஒருவரின் பதில்:

பயணத்துக்கும் இதே கணக்குத்தான். கொழும்புக் கோட்டையில் யாழ்ப்பாண ரயில் ஏறும்போது சுடச்சுடக் கட்டிய சோற்றுப் பொதி, மதியம் திறக்கும்போதும் வெதுவெதுப்பாக இருப்பதைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். கிருமிக்கு உகந்த சூடு அதுதான். பாண், வாழைப்பழம், தேங்காய் சேராத கட்டச் சம்பல் கொண்டு போகலாம். மீன், இறைச்சி வேண்டுமென்றால் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல்களோடு குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

கொட்டாஞ்சேனை இல்லத்தரசி:

மாமிக்கு வாசித்துக் காட்டினேன், கறியை அவரே எடுத்து வீசினார். எல்லோருக்கும் நன்றி. பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் எப்போது வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

ஓய்வுபெற்ற பரிசோதகர்:

ஜீவனிப் பொதி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச்சீனித் தூள்) ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுமையாகக் கரைத்து, சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். 24 மணி நேரத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. மலத்தில் இரத்தம், கண் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வராமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, எதைக் கொடுத்தாலும் வாந்தி, எழுப்பினாலும் எழும்பாத சோர்வு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காமல் கொண்டு செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.