குரங்கணியில் பெட்டி கிடைக்கவில்லை, அவசர உதவி தேவை

மாட்டுத்தாவணிப் பயணி: மதுரையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, போடி வழியாகக் குரங்கணிக்கு வந்து ஜியோகேச்சிங் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்து, ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டு) பெட்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பழைய ரோப்வேயின் கால் அருகே என்பது மட்டுமே குறிப்பு. ஜிபிஎஸ் தவறான இடத்தைக் காட்டுகிறது. என்ன செய்யலாம்?

ஒத்தக்கடை: எவ்வளவு தூரம் தவறு, கைபேசியா தனிக்கருவியா, எண்களை எப்படி உள்ளிட்டீர்கள் என்று எதுவுமே சொல்லாவிட்டால், நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆற்றங்கரையான்: மரங்களும் பாறைகளும்தான் காரணம். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் செயற்கைக்கோள் அலை பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் இடம் தள்ளிக் காட்டும்; அழகர்கோவில் மலையில் எனக்கே நாற்பது மீட்டர் தள்ளியது. வெட்டவெளியில் பத்து நிமிடம் நில்லுங்கள்.

வரைபடப்பித்தன்: அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேட்டிருக்கலாம், இதை நான் பலமுறை விளக்கியாயிற்று. பூமியின் வடிவத்தைக் கணக்கிட, பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய அளவுமுறையையும், ஜியோகேச்சிங் எண்கள் ஜிபிஎஸ்ஸின் டபிள்யூஜிஎஸ் 84 முறையையும் பின்பற்றுவதால், இரண்டையும் கலந்தால் நூறு, இருநூறு மீட்டர் விலகத்தான் செய்யும். மூணாறு ரயில் கொட்டகுடிக்கு இறங்கிய தடத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

போடிக்காரன்: ஐயா, அந்த ரயில் ஒருநாளும் இங்கே இறங்கியதில்லை. அது மூணாறிலிருந்து வந்து, மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தேயிலை ரோப்வேயில்தான் கொட்டகுடிக்கு இறங்கியது. ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோயிற்று.

வரைபடப்பித்தன்: 1902-இல் மோனோரயில் ஓடியது தெரியுமா?

போடிக்காரன்: தெரியும். அதுவும் மேலேதான் ஓடியது, இழுத்தவை மாடுகள். 1908-இல்தான் அது ரயில்பாதையானது. மதுரையிலிருந்து போடிக்கே 1928-இல்தான் ரயில் வந்தது.

மாட்டுத்தாவணிப் பயணி: கைபேசிதான். 10.045, 77.150 என்று உள்ளிட்டேன். மேற்கே பதினொரு கிலோமீட்டர் தள்ளி, கேரளத்தைக் காட்டுகிறது.

ஒத்தக்கடை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மரமோ நீள்கோளமோ பதினொரு கிலோமீட்டர் தள்ளாது. பெட்டியின் இணையப் பக்கத்தில் 10° 04.500, 77° 15.000 என்றுதானே இருக்கிறது? பாகைக் (டிகிரி) குறிக்குப் பின்னால் இருப்பவை முழுவதும் கலைகள் (நிமிடங்கள்). அவற்றை அறுபதால் வகுத்துப் பாகையோடு கூட்டினால் 10.075, 77.250 வரும். அது காப்புக்காட்டுக்குள் விழுந்தால் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். இதே குரங்கணியில் மலையேறியவர்களைப் பலிகொண்ட 2018 மார்ச் காட்டுத்தீயை மறந்துவிட வேண்டாம்.

மாட்டுத்தாவணிப் பயணி: சாலையோரத்திலேயே இருந்தது, கிடைத்துவிட்டது. பேருந்து வந்துவிட்டது, நன்றி.

ஆற்றங்கரையான்: வெட்டவெளியில் நின்றுதானே பார்த்தீர்கள்?