படத்தில் இருப்பது சேத்தக்கெண்டை இல்லை, ஜிலேபி

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

நம் கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் பிடித்ததாகப் போன வாரம் தம்பி ஒருவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் ஆற்றில் காணாமல் போன சேத்தக்கெண்டை (கேரளத்துக்காரர்கள் கரிமீன் என்பது) திரும்பி வந்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் அது ஜிலேபி, அதாவது திலாப்பியா மீன்.

குறுக்குப் பட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சின்ன ஜிலேபிக்கும் பட்டை உண்டு. உடம்பின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பக்கக் கோடு பாதியில் அறுந்துபோவதும் இரண்டுக்கும் பொது. இரண்டும் சிக்லிட் என்ற ஒரே மீன் குடும்பம். மலவாய்க்குப் பின்னால் இருக்கும் அடித்துடுப்பைப் பாருங்கள். ஜிலேபிக்கு அங்கே 3 முள். சேத்தக்கெண்டைக்கு 12, 13 முள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். இதைவிட உறுதியான அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை. படத்தில் தெரிவது மூன்றுதான்.

அப்புறம் செதில். சேத்தக்கெண்டையின் பக்கக் கோட்டுக்கு மேலே உள்ள பெரும்பாலான செதில்களின் நடுவில் முத்து வெள்ளையில் ஒரு பொட்டு இருக்கும். ஒரு செதிலைப் பிய்த்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெளி ஓரத்தில் மிக நுண்ணிய பற்கள் தெரியும். ஜிலேபிச் செதிலின் ஓரம் மழமழவென்று இருக்கும். மீன் வளரும்போது செதிலின் எண்ணிக்கை கூடுவதில்லை, ஒவ்வொன்றும் ஓரத்தில் வளையம் வளையமாகப் பெரிதாகும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952இல் மண்டபத்துக்கு வந்தது. தாய் மீன் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் எந்தத் தண்ணீரிலும் பெருகிவிடுகிறது. சேத்தக்கெண்டை அப்படியில்லை. கல்லிலோ கட்டையிலோ முட்டையை ஒட்டவைத்து, தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் நிற்கும். கொசஸ்தலையாற்றின் அடியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கும்போது முட்டை எதன்மேல் ஒட்டும்? என் மனசை அறுப்பது இந்தக் கேள்விதான்.

சரி, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சேத்தக்கெண்டை என்று யாராவது காட்டினால், அடித்துடுப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுங்கள். இரண்டு செதிலைக் காகிதத்தில் ஒட்டி உலர்த்தி வையுங்கள். எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று கட்டாயம் கேட்டு எழுதுங்கள். பழவேற்காடு ஏரியில் சேத்தக்கெண்டை இன்னும் இருக்கிறது, அந்த மீனை நம் ஆற்றுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.